எனக்குத் தெரியும் என்கிற மேட்டிமை

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 1 கொரிந்தியர் 8:1-3, 2 இராஜாக்கள் 5:1-14, அப்போஸ்தலர் 18:24-28

வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆரம்பிக்கும் முன்பே ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். இதே பொருளை வைத்து சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் பிரசங்கித்தேன். உங்களில் பலர் அன்றைக்கு இருந்தீர்கள். ஆமென் சத்தம் பலமாக வந்தது. ஆனாலும் அது தப்பான பிரசங்கம். வசனங்கள் எல்லாம் சரி, பிரசங்கித்தவன்தான் சரியில்லை. அது ஏன் என்பதைப் பாடத்தின் பிற்பகுதியில் எழுதுகிறேன். அன்றைக்குச் சொன்னதைத் திருத்திச் சொல்லவே இந்தப் பாடம்.

1. கண்ணுக்குத் தெரியாத கேடு

வாரநாட்களில் நான் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மோட்டார் இறக்கப் போனால், வீட்டுக்கார அம்மா முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். நாற்றம் இல்லை, ருசியிலும் குறை தெரியாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கு முதுகு வளைந்து, முட்டியை மடக்க முடியவில்லை. காரணம் நம் மாவட்டத்துப் பாறைக்குள்ளிருந்து நிலத்தடி நீரில் கலக்கிற புளோரைடு.

இந்தப் புளோரைடைப் பற்றி மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அது முழுக்க விஷம் அல்ல. கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது என்றே டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் கேடு. இரண்டாவது, அது கண்ணுக்குத் தெரியாது. குடிக்கிறவன் நல்ல தண்ணீர் குடிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். மூன்றாவது, கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மிச்சத்தில் அதன் அளவு ஏறத்தான் செய்யும்!

அறிவினால் வருகிற பெருமையும் இப்படிப்பட்டதுதான். அறிவு கெட்டது அல்ல. ஆனால் அதோடு கலந்து வருகிற மேட்டிமை கண்ணுக்குத் தெரியாது. நமக்கு இருப்பது நமக்கே தெரியாது. ஆராதனையில் எவ்வளவு அனலாய்க் கொதித்தாலும் அது தானாகப் போய்விடாது. சில சமயம் அந்தக் கொதிப்பிலேயே அது இன்னும் கெட்டிப்பட்டுப் போகும். இதை அனுபவத்தில் கண்டு எழுதுகிறேன்.

2. அறிவு பாவமா?

"படிப்பு அதிகமானா விசுவாசம் போயிடும்" என்று நம் வட்டாரத்துச் சபைகளில் சொல்லுவது உண்டு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. மோசே எகிப்தின் சகல கல்வியிலும் தேறினவர் (அப். 7:22). தானியேலுக்கும் அவருடைய தோழருக்கும் கல்வியில் சாமர்த்தியத்தைக் கொடுத்தவர் தேவனே (தானி. 1:17). லூக்கா வைத்தியர் (கொலோ. 4:14). பவுல் கமாலியேலின் பாதத்தில் படித்தவர் (அப். 22:3). தேவனிடத்தில் அன்புகூருவதைப் பற்றிய பிரதான கற்பனையை மாற்கு 12:30-இல் பாருங்கள். இருதயத்தோடும் ஆத்துமாவோடும் பலத்தோடும் மனதையும் சேர்த்தே கர்த்தர் கேட்கிறார். மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று அவர் யாரையும் அழைக்கவில்லை.

அப்படியானால் பவுல் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் எதைக் கண்டிக்கிறார்? அறிவு மனிதனை ஊதிப் பெருக்கிவிடும், அன்போ கட்டியெழுப்பும் என்பதே அங்கே அவர் சொல்லும் கருத்து. கிரேக்க மூலத்தில் வருகிற சொல்லுக்கு ஊதி உப்ப வைத்தல் என்றே பொருள். எண்ணெயில் போட்ட பூரியைப் பாருங்கள். எவ்வளவு பெரிதாய் உப்புகிறது! விரலால் ஒரு குத்து குத்தினால் உள்ளே வெறும் காற்று. (கிரேக்க மூலத்தில் என்று எழுதும்போதே எனக்குள் ஒரு பூரி உப்பினதைக் கவனித்தேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.)

அதற்கு அடுத்த வசனம்தான் இந்தப் பாடத்தின் மையம். ஒருவன் தனக்கு ஏதோ தெரியும் என்று எண்ணிக்கொண்டால், தெரியவேண்டிய விதத்தில் அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார் பவுல். தெரிந்திருப்பது குற்றம் அல்ல. "தெரியும், இனி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொள்வதுதான் குற்றம்.

3. நாகமானின் "நான் நினைத்தேன்"

இப்போது 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். நாகமான் சீரியா ராஜாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. அவனுக்குச் சுகம் கிடைக்கும் வழியை யார் யார் காட்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சின்னப்பெண் (வ. 2-3). அடுத்து எலிசா அனுப்பின ஆள் (வ. 10). தீர்க்கதரிசி வெளியே வரக்கூட இல்லை. கடைசியில் அவனுடைய சொந்த வேலைக்காரர் (வ. 13). மூன்று பேருமே அவனுக்குக் கீழே இருக்கிறவர்கள். தேவன் அவனுக்கு அனுப்பின உதவியெல்லாம் கீழேயிருந்துதான் வந்தது!

நாகமான் கோபப்பட்டது எங்கே? 11-ஆம் வசனம். அவர் வெளியே வந்து நின்று, தேவனைத் தொழுது, கையை அசைத்துச் சுகமாக்குவார் என்று அவன் மனதில் ஒரு படம் வைத்திருந்தான். "நான் நினைத்தேன்" என்பதே அவனுடைய வியாதிக்கு மேலான வியாதி. தமஸ்குவின் நதிகள் யோர்தானைவிட நல்லவை அல்லவா என்று கேட்கிறான் (வ. 12). ஒகேனக்கல் அருவியில் குளித்தவனை நம் ஊர் ஏரியில் முழுகச் சொன்னால் கேட்பானே, அப்படி. நதிகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது பொய் என்று வேதம் சொல்லவில்லை. தமஸ்குவின் தண்ணீர் தெளிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறிவு அவனுடைய குஷ்டத்துக்கு உதவாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு, தெரியாததைப் பெற்றுக்கொள்ள மறுத்தான். வேலைக்காரர் சொன்னதைக் கேட்டு இறங்கினான், அப்போதுதான் சுகமானான்.

4. ஒரு தமிழ்ப் புலவர் இறங்கின யோர்தான்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்ற ஊரில் 1827-இல் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பம். கம்பராமாயணமும் இலக்கணமும் சிறுவயதிலிருந்தே ஊட்டி வளர்க்கப்பட்டவர். 1853-இல் சாயர்புரத்தில் இருந்த மிஷன் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியராகப் போனார். பிழைப்புக்காகத்தான் போனார், கிறிஸ்துவுக்காக அல்ல.

அவருடைய இடத்தில் நின்று பாருங்கள். கம்பனைக் கரைத்துக் குடித்தவர். எதிரே வந்த மிஷனரிமாருக்குத் தமிழ் கற்ற மொழி. அந்நாளில் அந்தச் சீமையில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த ஏழைகள். "இவர்களிடத்திலா நான் கற்றுக்கொள்ளுவது?" என்ற எண்ணம் வருவதற்கு எல்லா வசதியும் இருந்தது. அவருடைய நெருங்கிய நண்பரும் சொந்தத் தம்பியும் அவருக்கு முன்பே கிறிஸ்துவண்டை வந்துவிட்டார்கள். அண்ணன் தம்பியைப் பார்த்துப் பின்னால் போவது நம் குடும்பங்களில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் அவரும் வந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்று புத்தகங்களில் பார்க்கிறோமே, அவர்தான். அதற்குப் பிறகு அவர் தம் தமிழைத் தூக்கி எறிந்துவிட்டாரா? இல்லை. 1894-இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஏறக்குறைய 3,800 பாடல்கள் கொண்ட காவியம். அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே அழைக்கிறார்கள்.

அந்தக் காவியத்தின் கதை எங்கிருந்து எடுக்கப்பட்டது? இங்கிலாந்தில் 1678-இல் வெளியான மோட்ச பிரயாணக் கதையிலிருந்து. அதை எழுதின ஜான் பன்யன் பண்டிதர் அல்ல. ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுக்கிற தொழிலாளி. பிரசங்கித்ததற்காக ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் சிறையில் கிடந்தவர். பிரியமானவர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கம்பனைப் படித்த புலவர், பாத்திரம் அடைக்கிறவர் எழுதின கதையை எடுத்து, பல வருடம் உழைத்து, அதற்குத் தன் முழுப் புலமையையும் ஆடையாக உடுத்தினார். இதுதான் அவர் இறங்கின யோர்தான். புலமை அப்படியே இருந்தது, அது உட்கார்ந்த இடம் மட்டும் மாறினது. மேலே உட்கார்ந்திருந்தது, பாதத்தண்டை வந்து உட்கார்ந்தது. அல்லேலூயா!

5. மார்க்கத்தை அறிந்தும் கிறிஸ்துவை அறியாத காலம்

இரண்டாவது சாட்சி பண்டித ரமாபாய். அசூசா தெருவின் எழுப்புதல் 1906-இல். அதற்கு ஒரு வருடம் முன்னே, 1905-இல், பூனாவுக்கு அருகே கேட்காமில் உள்ள முக்தி மிஷனில் ஆவியானவர் பலமாய் ஊற்றப்பட்டார் என்று நம் சபைகளில் சாட்சியாகச் சொல்லுகிறோம். அந்த முக்தியை நடத்தினவர் இவர்தான். எழுப்புதலைப் பேசுகிறோம், அதற்கு முன்னே அவர் நடந்த வழியைப் பேசுவதில்லை.

1858-இல் பிறந்தவர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் சொல்லித் தரக்கூடாது என்றிருந்த காலத்தில் தகப்பனார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார், தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆயிரக்கணக்கான சுலோகங்கள் மனப்பாடம். பஞ்சத்தில் தகப்பனையும் தாயையும் அக்காளையும் பறிகொடுத்து, அண்ணனோடு கால்நடையாய் நாட்டைச் சுற்றினவர். 1878-இல் கல்கத்தாவில் பண்டிதர்கள் அவரைச் சோதித்துப் பார்த்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபது.

1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பிறகும் கேள்வி கேட்டார். திரித்துவத்தைப் பற்றி, சபை அதிகாரத்தைப் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரை வழிநடத்திய கன்னியாஸ்திரீக்கு இது பெருமையாகவும் கீழ்ப்படியாமையாகவும் தெரிந்தது. கடிதங்களில் கண்டித்தார். ரமாபாயோ, தேவன் எனக்கும் ஒரு மனச்சாட்சியைக் கொடுத்திருக்கிறார் என்ற விதமாகவே பதில் எழுதினார்.

இதில் யார் சரி? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கேள்வி கேட்டது பெருமை அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஏறக்குறைய எட்டு வருடத்துக்குப் பிறகு, 1891 வாக்கில், ரமாபாய் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்றுக்கொண்டேன், கிறிஸ்துவையோ இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை என்று பிற்காலத்தில் தம் சாட்சியில் அவரே அறிக்கை பண்ணியிருக்கிறார். ஹஸ்லாம் என்ற ஆங்கிலேயப் போதகரின் வாழ்க்கை வரலாறு அவர் கைக்கு வந்தது. அந்தப் போதகர் பிரசங்க பீடத்தில் நின்று தாமே பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது மனந்திரும்பினவர்! அதை வாசித்தபோது ரமாபாய் தம்மையே சோதித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்த அந்த அறிவு, கடைசியில் தன்னையும் ஆராய்ந்தது. அங்கேதான் அவருக்கு வாசல் திறந்தது.

அதற்குப் பிறகு அந்தப் படிப்பு எங்கே போனது? எபிரெயுவும் கிரேக்கும் கற்றுக்கொண்டார். சாதாரண மராத்திப் பெண்களுக்கும் விளங்கும்படி முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அவர் 1922-இல் மரித்தார். முழு வேதாகமம் 1924-இல் முக்தியிலேயே அச்சாகி வெளிவந்தது. பண்டிதர் சபையில் பட்டம் வாங்கின கல்வி, பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற அகப்பையாக மாறினது.

6. என் பிரசங்கம்

இனி என் காரியத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் சபையில் வளர்ந்த பிள்ளை அவன். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி என்றால் அவனுக்குத்தான் முதல் பரிசு. இஞ்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய தாய்க்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. நாம் எல்லாரும் உபவாசித்து ஜெபித்தோம். ஒரு ராத்திரி ஜெபத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டு, "அடுத்த மாசம் இந்தம்மா சபையில நின்னு சாட்சி சொல்லுவாங்க, எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரத்தில் அந்தத் தாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவன் என் கடைக்கு வந்தான். மோட்டார் பிரித்துப் போட்டிருந்தேன். நின்றுகொண்டே கேட்டான்: "பாஸ்டர், அம்மா பொழச்சுக்குவாங்கன்னு நீங்க சொன்னது கர்த்தர் சொன்னதா, நீங்களா சொன்னதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இல்லை, அப்படிச் சொல்லுவது பொய். பதில் தெரியும். அதை வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன், பதினைந்து வருடம் ஊழியம் செய்தவன், ஒரு சின்னப் பையன் முன்னால் "நானாத்தான் சொன்னேன் தம்பி" என்று எப்படிச் சொல்லுவது? அதனால், "நாலு எழுத்து படிச்சதும் தேவ மனுஷனையே கேள்வி கேக்க வந்துட்டியா? படிப்பு உன் விசுவாசத்தைக் கெடுத்துடுச்சு" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அறிவு மேட்டிமையைப் பற்றிப் பிரசங்கம். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் என் கண் அவன்மேல்தான் இருந்தது. நீங்கள் ஆமென் சொன்னீர்கள். அவன் நடுவிலே எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுபடி வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடத்தில் வந்தார்கள். புளி உடைக்கிற கூலிக்குப் போகிறவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாது. மெதுவாகச் சொன்னார்கள்: "பாஸ்டரய்யா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பையன் கேட்டது கேள்வி இல்லீங்க. அழுகைங்க அது."

எனக்குக் கோபம் வந்தது, சபையாரே. "இந்தம்மாவா எனக்குச் சொல்லித் தர்றது?" என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, நினைத்தேன். நாகமானுடைய அதே "நான் நினைத்தேன்". அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிரசங்கத்துக்கு எடுத்த வசனங்களை மறுபடியும் வாசித்தேன். ஒவ்வொரு வசனமும் விரலை நீட்டி என்னைக் காட்டினது. அந்தக் கூட்டத்தில் மேட்டிமைக்காரன் ஒருவன் இருந்தது உண்மைதான். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

7. இரண்டு பக்கமும் வெட்டுகிற பட்டயம்

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அ) படித்தவனுக்கு வருகிற மேட்டிமை உண்டு. கேள்வி கேட்பான், ஆனால் பதில் வேண்டாம். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால், அதைக் கேளாமலே அடுத்த கேள்விக்குத் தாவுவான். அவனுக்குக் கேள்வி கதவு அல்ல, சுவர். இயேசு தன்னைக் கூப்பிடுகிறார் என்ற சத்தம் கேட்காதபடி சுவருக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருப்பான். படித்தவர்களாக இதை வாசிக்கிறவர்களே, கர்த்தருடைய சமுகத்தில் இதை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: "என் கேள்விக்குச் சரியான பதில் இன்றைக்கே கிடைத்துவிட்டால், நான் முழங்கால்படியிடுவேனா?" இல்லை என்றால், தடையாயிருப்பது உங்கள் கேள்வி அல்ல.

ஆ) படிக்காதவனுக்கு வருகிற மேட்டிமையும் உண்டு. "பேதுருவும் யோவானும் படிச்சாங்களா?" என்று அப்போஸ்தலர் 4:13-ஐ எடுத்துக் காட்டுவான். சரிதான். ஆனால் அவர்கள் படியாததைக் குறித்து மேன்மை பாராட்டவில்லையே! சாகும் தருவாயில் சிறைச்சாலையில் இருந்த பவுல், புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (2 தீமோ. 4:13). "எனக்கு ஆவியானவர் நேரடியாச் சொல்லிட்டார்" என்று சொல்லி யாருடைய திருத்துதலையும் ஏற்காதவன், டிகிரி இல்லாமலே பண்டிதனுடைய பெருமையை வைத்திருக்கிறான்.

இ) எல்லாவற்றிலும் ஆபத்தானது ஊழியக்காரனுக்கு வருகிற மேட்டிமை. யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். அவர்கள் பேசினது பெரும்பாலும் நல்ல உபதேசம் போலத்தான் இருக்கும். யோபுவோ சாம்பலில் உட்கார்ந்து தேவனையே கேள்வி கேட்டான். முடிவில் கர்த்தருடைய கோபம் யார்மேல் வந்தது? யோபு 42:7-ஐ வாசியுங்கள். பதில் எல்லாம் கையில் வைத்திருந்த சிநேகிதர்மேல். கேள்வி கேட்டவனைத் தம் தாசன் என்று சொல்லி, அவனே அவர்களுக்காக வேண்டுதல் செய்யும்படி வைத்தார்.

தோமாவையும் நினையுங்கள் (யோவான் 20:24-29). காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றான். இயேசு அவனைச் சபையை விட்டுத் துரத்தவில்லை. அடுத்த கூட்டத்தில் வந்து கையை நீட்டிக் காயத்தைக் காட்டினார். நானோ என் காயத்தை மறைத்துக்கொண்டு கேட்டவனைக் காயப்படுத்தினேன்.

8. அப்பொல்லோ நமக்கு மாதிரி

அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ வருகிறார். அலெக்சந்திரியா பட்டணத்தார், சொல்வன்மை உள்ளவர், வேதத்தில் வல்லவர். ஆனால் யோவானுடைய ஸ்நானத்தை மாத்திரமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள் (வ. 3). அந்தப் புருஷனும் மனைவியும் அவரைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு, தேவனுடைய வழியை இன்னும் திருத்தமாய் விளக்கிக் காட்டினார்கள் (வ. 26).

இதில் இரண்டு பாடம் உண்டு. அந்தத் தம்பதியர் ஜெப ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து அவரைத் திருத்தவில்லை. தனியே அழைத்தார்கள். நான் செய்ததற்கு இது நேர் எதிர். இரண்டாவது, அவ்வளவு பெரிய பேச்சாளர், கூடாரம் தைக்கிறவர்களிடத்தில் மாணவனாக உட்கார்ந்தார். அவர் கோபித்துக்கொண்டு போனதாக வேதத்தில் இல்லை. அதன் பிறகு அவருடைய ஊழியம் குறையவில்லை. அகாயாவில் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருந்தார் (வ. 27-28). கற்றுக்கொள்ளுகிறவனுக்கு மதிப்புக் குறையாது, பிரியமானவர்களே!

9. சுத்தமான தண்ணீர் வெளியேயிருந்து வரவேண்டும்

புளோரைடுக்கு மருந்து என்ன? எங்கள் தொழிலில் இருக்கிறவர்களிடம், "இன்னும் ஆழமாப் போடு, நல்ல தண்ணி வரும்" என்று ஜனங்கள் சொல்லுவார்கள். எவ்வளவு ஆழம் போனாலும் அதே பாறைதானே? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தபோது, காவிரித் தண்ணீர் வேறே இடத்திலிருந்து குழாயில் வந்தது. நமக்குள்ளே இன்னும் ஆழமாய்த் தோண்டி தாழ்மையை எடுத்துவிட முடியாது. தோண்டத் தோண்ட, "நான் எவ்வளவு தாழ்மையுள்ளவன்" என்ற புதுப் பெருமைதான் ஊறும். தேவன் வெளியேயிருந்து அனுப்புகிறார். அது பெரும்பாலும் நாம் மதிக்காத குழாயிலிருந்து வருகிறது. ஒரு சிறைப்பட்ட சிறுமி, ஒரு பாத்திரம் அடைக்கிறவன், ஒரு புளி உடைக்கிற அம்மா. குழாயைப் பார்த்து முகம் சுளித்தால் தண்ணீர் கிடைக்காது.

அந்தத் தம்பியிடம் போவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பஸ் ஏறிப் போய், கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து சொன்னேன்: "தம்பி, அன்னிக்கு உங்க அம்மா பத்தி நானாத்தான் சொன்னேன். கர்த்தர் என்கிட்ட அப்படிச் சொல்லலை. அவங்க ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. உன்னைப் பீடத்துலேர்ந்து அடிச்சது பாவம். மன்னிச்சுடு." அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா பாஸ்டர்..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. டீக்கு அவனே காசு கொடுத்தான்.

அவன் இன்னும் முழுமையாய்த் திரும்பி வரவில்லை. பெரிய சாட்சியாக முடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் மறுபடியும் நானாக ஒன்றைச் சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸுக்குத் தகப்பனாரோடு வந்து பின்வரிசையில் உட்காருகிறான். மாதத்துக்கு ஒருதரம் போனில் யோபு புஸ்தகத்தை இரண்டு பேருமாக வாசிக்கிறோம். அவன் கேட்கிறதில் பாதிக்கு, "எனக்குத் தெரியலை தம்பி, பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறேன். ஒவ்வொரு தடவை அதைச் சொல்லும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று தளருகிறது. அவனும் கொஞ்சம் அதிக நேரம் பேசுகிறான்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் கலந்து பேச:

1. கடந்த ஒரு வருடத்தில், எனக்குக் கீழானவர் என்று நான் நினைத்த யாரிடமிருந்தாவது ஒரு காரியத்தைக் கற்றுக்கொண்டேனா? யாரிடமிருந்து?
2. "எனக்குத் தெரியாது" என்று என் பிள்ளைகள் முன்பாக நான் கடைசியாகச் சொன்னது எப்போது?
3. நம் சபையில் கேள்வி கேட்டதினாலே வராமல்போனவர் உண்டா? அவரைப் பார்க்க இந்த வாரம் யார் போவது?

மனப்பாடம் செய்ய: 1 கொரிந்தியர் 8:2, சங்கீதம் 131 முழுவதும் (மூன்றே வசனங்கள்).

ஜெபம்: கர்த்தாவே, நீர் கொடுத்த அறிவுக்காக ஸ்தோத்திரம். அதை வைத்து நான் கட்டின சுவரை இடித்துப்போடும். யார் மூலமாய்ப் பேசினாலும் அது உம்முடைய சத்தம் என்று அறிந்துகொள்ளும் செவியைத் தாரும். எங்கள் வார்த்தையினால் இடறிப்போன பிள்ளைகளை நீரே தேடிப் போம், எங்களையும் கூட்டிக்கொண்டு போம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே. ஆமென்.